ஷோகனின் பீரோ

ஜப்பானில் ஷோகன்கள் ஆண்ட கதையை நான் ஏழு வருஷம் பாடமாக நடத்தினேன். ஜப்பானைப் பார்த்ததில்லை. அந்த நாளில் ஒரு ஜப்பான்காரனைக்கூடப் பார்த்ததில்லை. மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு சந்தில், ஜவுளிக் குடோனுக்கு மேல் மாடியில் ஒரு டுடோரியல் இருந்தது. ஆபீசில் வேலை பார்த்துக்கொண்டே எம்.ஏ. வரலாறு தனியாக எழுதுகிறவர்களுக்கு நோட்ஸ் கொடுத்து உருப்போட வைப்பதுதான் என் வேலை. அவர்களுக்குத் தூரக்கிழக்கு நாடுகளின் வரலாறு என்று ஒரு தாள் உண்டு. யாருக்கும் அது பிடிக்காது. ஆகையால் என் தலையில் கட்டினார்கள். இரண்டு மூன்று புத்தகங்களைப் பார்த்து நோட்ஸ் எழுதினேன். ஸ்டென்சில் வெட்டி சைக்ளோஸ்டைல் எடுத்தார்கள். ஏழு வருஷமும் அதே நோட்ஸ்தான், அதே எழுத்துப் பிழைகள்தான்.

கதை பெரிய கதை இல்லை. ஜப்பானில் ஒரு சக்கரவர்த்தி இருந்தார். சூரிய வம்சம் என்று எல்லோரும் கும்பிட்டார்கள். அவர் கியோத்தோ என்ற தலைநகரில் உட்கார்ந்து சடங்கு செய்யலாம், கவிதை எழுதலாம், பட்டம் கொடுக்கலாம். ஆட்சி மட்டும் செய்யக்கூடாது. அவரிடமிருந்து ஷோகன் என்ற பட்டத்தை வாங்கிக்கொண்டு ஒரு படைத்தலைவன் ஆண்டான். சரி, அவனாவது ஆண்டானா என்றால் அதுவும் இல்லை. காமகுரா என்ற ஊரில் ஆட்சி அமைத்த முதல் ஷோகனின் வம்சம் மூன்றாவது ஆளோடு முடிந்துபோனது. அந்த முதல் ஷோகனின் மனைவி வீட்டார், ஷோகனுக்குப் பதிலாக ஆள்கிறவர் என்ற பொருளில் ரீஜென்ட் என்று பெயர் வைத்துக்கொண்டு ஆட்சியைப் பிடித்தார்கள். கியோத்தோவிலிருந்து ஏதாவது பெரிய வீட்டுக் குழந்தையைக் கூட்டிவந்து ஷோகன் நாற்காலியில் உட்கார வைப்பார்கள். அது வளர்ந்து விவரம் தெரிந்ததும் திருப்பி அனுப்பிவிட்டு இன்னொரு குழந்தை. கடைசியில் அந்த ரீஜென்ட்டும் பொம்மையாகிப்போய் அவர் வீட்டுக் காரியஸ்தன் ஆண்டான். நாலு அடுக்கு. மேலே மூன்று பேர் கையெழுத்துப் போடுவார்கள், நாலாவது ஆள் முடிவு செய்வான். எதற்கும் யாரும் பொறுப்பில்லை. இதற்கு வீரர்களின் ஆட்சி என்று பெயர்.

நானூறு ஐந்நூறு வருஷம் கழித்து எடோ என்ற ஊரிலிருந்து ஆண்ட ஷோகன்கள் கொஞ்சம் கெட்டிக்காரர்கள். நாட்டில் இருந்த பெரிய நிலப் பிரபுக்களுக்கு டைம்யோ என்று பெயர். ஒவ்வொரு டைம்யோவும் ஒரு வருஷம் தன் ஊரில் இருக்கலாம், மறு வருஷம் எடோவுக்கு வந்து ஷோகன் கண்ணெதிரே இருக்க வேண்டும். ஊருக்குத் திரும்பும்போது மனைவியையும் வாரிசையும் எடோவிலேயே விட்டுவிட்டுப் போக வேண்டும். பணயக் கைதிகள். மரியாதையாக வைத்திருப்பார்கள், பட்டு உடுத்தலாம், வெளியே மட்டும் போகக்கூடாது. சாலையில் சோதனைச் சாவடி போட்டு இரண்டே இரண்டு விஷயம் பார்ப்பார்கள். எடோவுக்குள் துப்பாக்கி வருகிறதா, எடோவிலிருந்து பெண்கள் வெளியே போகிறார்களா. இந்த ஏற்பாட்டில் இரண்டரை நூற்றாண்டு ஓடியது. இதில் ஒரு கேவலம் உண்டு. ஆரம்பத்தில் இதற்குச் சட்டமே கிடையாது. டைம்யோக்களே போட்டி போட்டுக்கொண்டு, தங்கள் விசுவாசத்தைக் காட்ட, தாயையும் மனைவியையும் கொண்டுபோய் விட்டார்கள். சட்டம் பிறகுதான் வந்தது.

இந்தப் பணயக் கைதி முறையின் நன்மைகள் யாவை என்பது பரீட்சையில் அடிக்கடி வரும் கேள்வி. நான் ஆறு நன்மைகள் எழுதிக் கொடுத்திருந்தேன். நாட்டில் அமைதி நிலவியது என்பது முதல் நன்மை.

அந்த வகுப்பு எப்போதும் வெள்ளிக்கிழமை சாயங்காலம். ஒரு தடவை, ஜங்ஷன் பக்கம் ரயில்வே ஆபீசில் வேலை பார்த்த ஒரு கிளார்க், வகுப்பிலேயே வாய் அதிகம் உள்ளவர், எழுந்து ஒரு சந்தேகம் கேட்டார். பொண்டாட்டியைப் பிடித்து வைத்தால் எவன் பயப்படுவான், எங்கள் ஆபீசில் பாதிப் பேர் நன்றிக் கடிதம் எழுதுவார்கள் என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எங்கள் வகுப்புகளுக்கு நடுவே சுவர் கிடையாது, பலகைத் தடுப்புதான். அந்தப் பக்கம் பொருளாதாரம் நடத்திக்கொண்டிருந்த டீச்சரின் குரல் தடுப்பைத் தாண்டி வந்தது.

"அந்தப் பொண்டாட்டிங்களை யாராச்சும் கேட்டாங்களா சார்? நன்றி சொல்றது யாருன்னு அப்பத் தெரியும்."

இந்தப் பக்கத்தைவிட அந்தப் பக்கம் சிரிப்பு அதிகமாக இருந்தது. ரயில்வே கிளார்க் உட்கார்ந்துவிட்டார்.

அந்த டீச்சரைப் பற்றித்தான் எழுத வந்தேன். மேலப்புதூரில் சர்ச்சை ஒட்டிய தெருவில் வீடு. அப்பா பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இருந்து ரிட்டயர் ஆனவர். எம்.ஏ., பி.எட். படித்துவிட்டு எம்ப்ளாய்மென்ட் எக்ஸ்சேஞ்சில் பதிந்துவிட்டுப் பத்து வருஷமாகக் காத்திருந்தவர். எங்களில் முதுகெலும்பு இருந்த ஒரே ஆள். மற்ற நாங்கள் ஒன்பது பேரும் ஆண்கள், மீசை வேறு வைத்திருந்தோம்.

டுடோரியலின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பிரின்சிபால் இருந்தார். கல்லூரிப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் பெயருக்குப் பின்னால் இருந்த பட்டங்கள் வாசல் போர்டில் இரண்டு வரி ஓடும். அந்தப் போர்டுக்காகத்தான் அவரை வைத்திருந்தார்கள். காலையில் வருவார், பேப்பர் படிப்பார், ஆண்டு விழாவில் மாலை போட்டுக்கொள்வார். அவருக்கு மேலே செக்ரெட்டரி. டுடோரியல் அவருடையது, கீழே குடோனும் பெரிய கடை வீதி ஜவுளிக்கடையும் அவருடையது, வீடு ஸ்ரீரங்கத்தில். அவருக்கு அரசாங்கம் மாதிரி ஒரு தோரணை உண்டு. ஆனால் கடையையும் டுடோரியலையும் உண்மையில் நடத்தியது அவர் மனைவியின் தம்பி. அவருக்கு ஒரு பதவியும் கிடையாது, எல்லோரும் சின்ன முதலாளி என்பார்கள். அவருக்கும் கீழே ஹெட் கிளார்க். அவருக்குக் கீழே வேறு கிளார்க் யாரும் இல்லை, இருந்தாலும் ஹெட் கிளார்க்தான். மாடிப்படி முடிகிற இடத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருப்பார். வெளியே போகிறவர்களின் பையை எட்டிப் பார்ப்பார். எங்கள் நோட்ஸ் கட்டு எதுவும் போட்டி டுடோரியலுக்குப் போய்விடக் கூடாதாம். அவர் முதுகுக்குப் பின்னால் ஓர் இரும்பு பீரோ. சாவி அவர் அரைஞாணில்.

அந்த பீரோவில் எங்கள் ஒரிஜினல் சர்டிபிகேட்டுகள் இருந்தன. எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்திலிருந்து எம்.ஏ. பட்டம் வரை. வேலைக்குச் சேருகிற அன்றே வாங்கி வைத்துக்கொள்வார்கள். "சேஃப்டிக்காக" என்பார்கள். வீட்டில் இருந்தால் கரையான் அரிக்கும், குழந்தை கிழிக்கும், வெள்ளம் வரும். வருஷ நடுவில் வேறு டுடோரியலுக்கு ஓடிவிடக் கூடாது, சர்க்கார் வேலைக்கு இன்டர்வியூ போகக் கூடாது என்பதுதான் சேஃப்டி. வாங்கிக்கொண்டதற்கு ரசீது கிடையாது. அதற்குப் பதில் நாம்தான் ஒரு கடிதம் எழுதித் தர வேண்டும். ஹெட் கிளார்க் வாசகம் சொல்லுவார்: நான் யாருடைய வற்புறுத்தலும் இன்றி, என் சொந்த விருப்பத்தின் பேரில், பாதுகாப்புக்காக ஒப்படைக்கிறேன்.

இது போக ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு காலை நாங்கள் எல்லோரும் ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்து, பாலம் தாண்டி, ஸ்ரீரங்கத்தில் செக்ரெட்டரி வீட்டுக் கூடத்தில் ஜமக்காளத்தில் போய் உட்கார வேண்டும். எட்டு மணிக்குப் போனால் பத்து மணிக்கு வருவார். ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்து "வந்தீங்களா" என்பார். அவ்வளவுதான். காபி வரும். அந்த ஒரு "வந்தீங்களா"வுக்காக ஒன்பது பேர் சனிக்கிழமையே சட்டை இஸ்திரி போட்டு வைத்தோம். கணக்கு வாத்தியார் ஒருவர் அவருக்காகத் தலைக்கு எண்ணெய் வைப்பதையே மாற்றிக்கொண்டார், அந்த வாசனை செக்ரெட்டரிக்கு ஆகாது என்று யாரோ சொன்னதால். போகாவிட்டால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. திங்கட்கிழமை டைம்டேபிள் மாறியிருக்கும், காலை ஆறு மணி வகுப்பு உங்களுக்கு வந்திருக்கும்.

டீச்சர் மட்டும் ஞாயிற்றுக்கிழமை வரவில்லை. ஏன் என்று ஹெட் கிளார்க் கேட்டதற்கு, "ஞாயித்துக்கிழமை நான் வேற ஒருத்தர் வீட்டுக்குப் போகணும். அவரு உங்க செக்ரெட்டரிக்கு சீனியர்" என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போய்விட்டார். ஆறு மணி வகுப்பு அவருக்கு நிரந்தரமானது. அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

வேலைக்குச் சேர்ந்தபோது ஒரிஜினலையும் அவர் கொடுக்கவில்லை. கெஜட்டட் ஆபீசர் கையெழுத்துப் போட்ட காப்பிகளைக் கொடுத்துவிட்டு, ஒரிஜினல் எதற்கு என்று கேட்டார். ஒரு மாதம் ஓடியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை செக்ரெட்டரி எல்லோரையும் அனுப்பிவிட்டு என்னை மட்டும் இருக்கச் சொன்னார். அந்த அம்மாவுக்கு நீங்கள் சொன்னால் புரியும், நீங்கள் விவரமானவர் என்றார். அதுவரை அவர் என்னிடம் பேசியதில் நீளமான வாக்கியம் அது. என் உச்சி குளிர்ந்துபோனது. பஸ்ஸில் திரும்பி வரும்போது என்ன சொல்வது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தேன்.

மறுநாள் டீச்சரிடம் சொன்னேன். இங்கே எல்லோரும் கொடுத்திருக்கிறோம், இதுவரை யாருக்கும் ஒரு கெடுதலும் வரவில்லை, நீங்கள் மட்டும் கொடுக்காவிட்டால் எங்கள் ஒன்பது பேரையும் முட்டாள் என்று சொல்வது மாதிரி இருக்கிறது என்றேன். கடைசியாகச் சொன்னதுதான் உண்மையான காரணம். அவர் கொடுக்காமல் இருந்த ஒவ்வொரு நாளும் எனக்கு அவமானமாக இருந்தது. அதை நீக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி, அவரையும் எங்களோடு சேர்த்துவிடுவது. அவர் அப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல் வருமானம் தேவைப்பட்ட சமயம் அது. மறுநாள் கொண்டுவந்து கொடுத்தார். ரசீது கேட்டார். "இது என்ன ரேஷன் கடையா டீச்சர்?" என்றார் ஹெட் கிளார்க். சொந்த விருப்பத்தின் பேரில் என்று எழுதித் தந்துவிட்டு வந்தார்.

அதற்கு அடுத்த வருஷம். பிளஸ் டூ வந்த புதிது. பள்ளிக்கூடங்களுக்கு எம்.ஏ. படித்தவர்களை எடுத்தார்கள். டீச்சருக்கு சர்க்கார் வேலைக்கு இன்டர்வியூ கடிதம் வந்தது. மறுவாரம் வியாழக்கிழமை, சென்னையில். ஒரிஜினல்கள் இல்லாமல் வந்தால் பரிசீலிக்க முடியாது என்று கீழே அடிக்கோடிட்டிருந்தது. இதை விட்டால் அடுத்த தடவைக்குள் வயது வரம்பு தாண்டிவிடும். அதாவது இனி எப்போதும் கிடையாது.

கடிதத்தை என்னிடம் காட்டிவிட்டுச் சொன்னார்: "நீங்க வெள்ளிக்கிழமை நடத்துறதெல்லாம் எனக்கும் கேக்குது சார். எடோவுல பொண்டாட்டி புள்ளைங்களைப் புடிச்சு வச்சிருந்தாங்கன்னு சொல்றீங்க. அந்த பீரோவுல நாம என்ன வச்சிருக்கோம்?"

என்னை யாரும் அப்படி அறைந்ததில்லை. வருஷக்கணக்காக அதையே வாயால் சொல்லிக்கொண்டிருந்தவன் நான். ஆறு நன்மைகள் எழுதியவன் நான். எனக்கு ஒரு நாள்கூட உறைக்கவில்லை. படித்தவன் என்று சொல்லிக்கொள்கிறவனின் மூளை எந்த லட்சணத்தில் இருக்கும் என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டியதில்லை. நான்தானே கொடுக்கச் சொன்னேன், நானும் கூட வருகிறேன் என்றேன்.

முதலில் ஹெட் கிளார்க். பிரின்சிபால் சொன்னால் கொடுக்கிறேன் என்றார். பிரின்சிபால் அறைக்குப் போனோம். பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கடிதத்தை முழுதாகப் படித்தார். சந்தோஷப்பட்டார். நல்ல மனிதர்தான், அதனால் யாருக்கும் பத்துப் பைசா பிரயோஜனம் இல்லை.

"எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லம்மா. ஆனா நான் சொல்லி இங்க எது நடந்திருக்கு? இந்த ஃபேனை ரிப்பேர் பண்ணச் சொல்லி நாலு மாசம் ஆச்சு. செக்ரெட்டரியைப் பாருங்க."

ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் முதல் பூசையை முடித்துக்கொண்டு டீச்சர் என்னோடு ஸ்ரீரங்கம் வந்தார். ஜமக்காளத்தில் உட்கார்ந்திருந்த எட்டுப் பேரும் அவரைப் பார்த்துவிட்டு ஏதோ தொற்றுநோய் வந்த மாதிரி நகர்ந்து உட்கார்ந்தார்கள். செக்ரெட்டரி வந்தார். வழக்கமான சொல்லைச் சொன்னார். டீச்சர் விஷயத்தைச் சொன்னதும் முகம் முழுதும் சிரிப்பு. நம் இடத்திலிருந்து ஒருவர் சர்க்கார் வேலைக்குப் போனால் நமக்குத்தான் பெருமை, எனக்கு ஆட்சேபணையே இல்லை, பீரோ விஷயத்தில் மட்டும் நான் தலையிடுவதில்லை, அதை மச்சான்தான் பார்ப்பது என்றார்.

திங்கட்கிழமை காலை பெரிய கடை வீதிக்குப் போனோம். சின்ன முதலாளி யாருக்கோ பட்டுப்புடவையை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தார். நாங்கள் நின்றோம். புடவை விற்ற பிறகு எங்களைப் பார்த்தார். அத்தானே சரி என்று சொன்ன பிறகு நான் குறுக்கே நிற்பேனா, எனக்கு என்ன ஆட்சேபணை, ஆனால் பீரோவை நான் தொட்டே வருஷக்கணக்காகிறது, ஆபீசுக்கென்று ஒரு நடைமுறை இருக்கும், ஹெட் கிளார்க்கைக் கேளுங்கள் என்றார்.

திரும்பவும் மாடி. திரும்பவும் அதே மேசை.

"எனக்கென்ன டீச்சர் ஆட்சேபணை? உங்க சர்டிபிகேட்டை வச்சு நான் என்ன வடையா மடிச்சுக் குடுக்கப் போறேன்? மேலேருந்து ஒரு வார்த்தை வரணும்."

"மேலன்னா யாரு?"

"மேலன்னா மேலதான்."

இதைச் சொல்லும்போது அவர் கை அரைஞாணுக்குப் போய் வந்தது. அந்த ஆள் வாங்கிய சம்பளம் எங்களைவிடக் குறைவு. நாலு பேரில் உண்மையான அதிகாரம் அவரிடம்தான் இருந்தது, அதுவும் மற்ற மூன்று பேர் பேரைச் சொல்லிக்கொண்டிருக்கும் வரைதான். இது அவருக்கு நன்றாகத் தெரியும். இந்த மாதிரி ஆட்கள் வரலாறு படிக்க வேண்டியதில்லை.

சந்து முனையில் இருந்த டீக்கடையில் நின்றோம். நான் புலம்ப ஆரம்பித்தேன். இதுதான் காமகுராவில் நடந்தது, சக்கரவர்த்தியைக் கேட்டால் ஷோகனைக் காட்டுவான், ஷோகனைக் கேட்டால் ரீஜென்ட்டைக் காட்டுவான், இந்த அமைப்பை எந்தக் கொம்பனாலும் அசைக்க முடியாது என்று பாடமே நடத்தினேன். எனக்கு உள்ளூர ஒரு திருப்தி இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். நடக்காது என்று நிரூபித்துவிட்டால் நடத்த வேண்டிய பொறுப்பு போய்விடுகிறது அல்லவா.

டீச்சர் டீயைக் குடித்து முடித்தார்.

"சார், ஒண்ணு கவனிச்சீங்களா? நாலு பேருல ஒருத்தர்கூட மாட்டேன்னு சொல்லல. ஆட்சேபணை இல்லன்னுதான் எல்லாரும் சொன்னாங்க. அப்ப அதையே எழுதி வாங்கிடுவோம்."

யாரும் எழுதித் தர மாட்டார்கள் என்றேன்.

"ஏன் தர மாட்டாங்க? அடுத்த ஆளு தடுத்துடுவான்னு ஒவ்வொருத்தரும் நெனைச்சுட்டு இருக்காங்க. நல்ல பேரு தனக்கு, கெட்ட பேரு அடுத்தவனுக்கு. எழுதுவாங்க, பாருங்க."

அன்று சாயங்காலமே ஒரு முழுத்தாளில் கேள்வியைத் தன் கையால் எழுதினார். எனது அசல் சான்றிதழ்களைத் திரும்பப் பெறுவதில் தங்களுக்கு ஆட்சேபணை உண்டா என்பதைத் தயவுசெய்து குறிப்பிடவும். அவ்வளவுதான். கெஞ்சல் கிடையாது, பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்கூடக் கிடையாது. அதை அவர் படித்துக் காட்டியபோது "தாழ்மையுடன்" என்று ஒரு சொல் சேர்க்கலாம் என்று நான் யோசனை சொன்னேன். அவர் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை காலை பிரின்சிபால். அந்த மேசையில் அவர் கையெழுத்துக்காக வந்த முதல் உருப்படியான காகிதம் அதுவாகத்தான் இருக்கும். பேனாவைத் திறந்தார், மையைச் சரிபார்த்தார். "ஆட்சேபணை இல்லை" என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, கீழே தன் பட்டங்கள் அனைத்தையும் எழுதினார். தாளில் பாதி போய்விட்டது.

அதே தாளை எடுத்துக்கொண்டு ஸ்ரீரங்கம். செக்ரெட்டரி மேலே இருந்த எழுத்தைப் பார்த்தார். சம்பளத்துக்கு உட்கார்ந்திருக்கும் கிழவர் பெருந்தன்மையாக எழுதிவிட்டார், முதலாளி சின்ன மனசோடு இருக்க முடியுமா? மச்சான் கண்டிப்பாக மறுத்துவிடுவார் என்ற நம்பிக்கை வேறு. "ஆட்சேபணை இல்லை. மகிழ்ச்சி" என்று எழுதினார். அந்த மகிழ்ச்சியைப் படித்து எனக்குச் சிரிப்பு வந்து, இருமி மறைத்தேன்.

அங்கிருந்து பெரிய கடை வீதி. சின்ன முதலாளி தாளைப் பார்த்ததும் நெற்றியைச் சுருக்கினார். அத்தான் கையெழுத்துக்குக் கீழே அவர் மறுத்து எழுதினால் வீட்டில் அக்கா முகத்தில் விழிக்க முடியாது. கடையில் நாலு வாடிக்கையாளர்கள் முன்னால் யோசித்துக்கொண்டு நிற்கவும் முடியாது. ஒரு வார்த்தையும் எழுதாமல் கையெழுத்தை மட்டும் கிறுக்கினார்.

"ஆட்சேபணை இல்லைன்னு எழுதணுங்க" என்றார் டீச்சர்.

எழுதினார்.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு ஹெட் கிளார்க் மேசையில் டீச்சர் அந்தத் தாளை வைத்தார். ஹெட் கிளார்க் அதை இரண்டு தடவை படித்தார். முகம் என்னமோ மாதிரி ஆனது. இவ்வளவு நாள் அவர் காட்டிக்கொண்டிருந்த "மேலே" என்கிற இடத்தில் யாருமே இல்லை என்பது அவருக்கு முன்னால் காகிதமாகக் கிடந்தது. தேதி போடவில்லையே என்றார். டீச்சர் அங்கேயே தேதி எழுதினார். நாலாவது கையெழுத்து உங்களுடையதுதான், உங்களுக்கு ஆட்சேபணை இருந்தால் எழுதுங்கள், அதை எடுத்துக்கொண்டு நான் திரும்பவும் ஸ்ரீரங்கம் போகிறேன் என்றார். ரொம்ப சாதாரணமாகச் சொன்னார். ஹெட் கிளார்க் எழுதவும் இல்லை, மறுக்கவும் இல்லை. எழுந்து பீரோவைத் திறந்தார்.

உள்ளே பழுப்பு உறைகள் நூல் கட்டி அடுக்கியிருந்தன. பூச்சி உருண்டை வாசனை. ஒவ்வொன்றின் மேலும் பெயர். டீச்சருடையதை எடுக்கும்போது அதற்கு அடுத்த உறையும் கொஞ்சம் வெளியே வந்தது. அது என்னுடையது. டீச்சர் தன் உறையைப் பிரித்து, ஒவ்வொரு சர்டிபிகேட்டாகச் சரிபார்த்து, பையில் வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"உங்களுதையும் கேளுங்க சார். பீரோ தொறந்துதான இருக்கு."

ஹெட் கிளார்க் என்னைப் பார்த்தார். இரண்டு அடி தூரம். கை நீட்டினால் போதும். என்னிடம் தாள் இல்லை, கையெழுத்து இல்லை, ஆனால் அந்த நிமிஷத்தில் அந்த ஆள் மறுத்திருக்க மாட்டார், மறுக்கிற நிலையில் அவர் இல்லை.

"எனக்கு இப்ப என்ன அவசரம்" என்றேன்.

டீச்சர் பையை மூடிக்கொண்டு படி இறங்கினார். மத்தியான பஸ்ஸில் சென்னைக்குப் போனார். வேலை கிடைத்தது. பெரம்பலூர் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் போட்டார்கள். டுடோரியலுக்கு ராஜினாமாக் கடிதத்தைத் தபாலில் அனுப்பினார், ஒற்றை வரி.

எடோவில் பணயக் கைதிகளை ஊருக்கு அனுப்பிய சில வருஷங்களிலேயே ஷோகன் ஆட்சி கவிழ்ந்துபோனது. எங்கள் இடத்தில் அப்படி ஒரு துரும்பும் அசையவில்லை. மூன்று பேரும் ஒருவரை ஒருவர் குற்றம் சொன்னார்கள். செக்ரெட்டரி மச்சானை, மச்சான் ஹெட் கிளார்க்கை, ஹெட் கிளார்க் பிரின்சிபாலை. கடைசியில் தாளில் முதல் கையெழுத்து யாருடையது என்று பார்த்து, பிரின்சிபாலை வீட்டுக்கு அனுப்பினார்கள். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை ஆட்சி செய்த பாவத்துக்கு. இன்னும் அதிகப் பட்டங்கள் உள்ள இன்னொரு பெரியவர் வந்தார். போர்டில் மூன்று வரி ஆனது. ஃபேன் ரிப்பேர் ஆனது.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை செக்ரெட்டரி மறுபடியும் என்னை இருக்கச் சொன்னார். இனிமேல் யாரும் இப்படித் தாளை எடுத்துக்கொண்டு வீடு வீடாக வரக்கூடாது, எல்லோரிடமும் ஒரு கடிதம் வாங்கிவிட வேண்டும், உங்கள் தமிழ் நன்றாக இருக்கும், நீங்களே வாசகம் போட்டுத் தாருங்கள் என்றார். காபி வந்தது. பேனா வாங்கி எழுதினேன்.

எனது அசல் சான்றிதழ்கள் தொடர்பாக நிர்வாகத்தைச் சேர்ந்த எவரிடமும் எழுத்து மூலம் இசைவு கோரமாட்டேன் என்று என் சொந்த விருப்பத்தின் பேரில் உறுதி அளிக்கிறேன்.

முதலில் "ஆட்சேபணை" என்றுதான் எழுதினேன். பிறகு அடித்துவிட்டு "இசைவு" என்று போட்டேன். ஆட்சேபணை உண்டா என்று கேட்கக் கூடாது என்றால், நாளைக்கு ஒருவர் சம்மதமா என்று கேட்டு வரலாம்; இந்தச் சொல்தான் அந்த ஓட்டையை அடைத்தது. செக்ரெட்டரி படித்துப் பார்த்து, பிரமாதம் என்றார். அங்கேயே முதல் கையெழுத்தையும் நான்தான் போட்டேன். ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பாலத்தின் மேல் காற்று நன்றாக வந்தது. அந்த வாக்கியம் நன்றாக அமைந்துவிட்டது என்ற சந்தோஷம் எனக்கு வீடு வரை இருந்தது.